ஏரிக்கரையில் ஒரு மரவீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணமாவது நாலு நாள் அமர்க்களத்தோடு முடிந்துவிடும். வீடு விஷயம் அப்படியா? மனை பார்க்க வேண்டும், பிளான் போட வேண்டும், மேஸ்திரியைப் பிடிக்க வேண்டும். மேஸ்திரி அகப்பட்டால் மணல் வந்து சேராது. மணல் வந்து இறங்கினால் கொத்தனார் ஊருக்குப் போயிருப்பார். சுவர் எழும்புவதற்குள் வீட்டுக்காரருடைய தலைமயிர் பாதி நரைத்துவிடும். நாலு பேர் கூடிச் செய்தாலே இந்தப் பாடு!

இப்படியிருக்க, மேஸ்திரி இல்லாமல், கொத்தனார் இல்லாமல், எடுபிடி ஆள்கூட இல்லாமல், ஒரே மனிதர் தம் இரண்டு கைகளையும் கொண்டு ஒரு வீட்டைக் கட்டி முடித்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்? சாலை கிடையாது. கடை கிடையாது. ஓர் ஆணி தீர்ந்து போனால், அடுத்த ஆகாய விமானம் வரும் வரையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

அவர் பெயர் ரிச்சர்ட் பிரென்னெக்கி. சிநேகிதர்களுக்கு 'டிக்'. கல்யாணத்தை அவர் செய்து பார்க்கவில்லை. கடைசி வரை பிரம்மசாரி. வீட்டை மட்டும் கட்டிப் பார்த்தார். எப்படிக் கட்டினார், கட்டிய பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பனி நாட்டுக்குப் போனவர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது அலாஸ்கா. 1867-ம் வருஷத்தில் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி. 1959-ல் தனி மாநிலமாயிற்று. அங்கே உள்ள பெரிய நகரம் ஆங்கரேஜ். அதற்குத் தென்மேற்கே, நூறு மைலுக்கும் அப்பால், மலைகளுக்கு நடுவே இரண்டு ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 'இரட்டை ஏரிகள்' என்றே அவற்றுக்குப் பெயர். சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள், அடிவாரத்தில் ஸ்ப்ரூஸ் மரக் காடு, கரடி, மான், மலை ஆடு. மனிதர்கள் அங்கே போவதென்றால், தண்ணீரில் இறங்கக்கூடிய சிறு விமானத்தில்தான் போக வேண்டும்.

பிரென்னெக்கி அலாஸ்காவில் பிறந்தவர் அல்ல. 1916-ம் வருஷம் அயோவா மாகாணத்தில் பிறந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் கடற்படையில் தச்சராகச் சேர்ந்தார். ஆனால் யுத்தத்தை விடப் பெரிய எதிரி ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. மூட்டுக்களை வாட்டி இருதயத்தையும் பலவீனப்படுத்தும் 'ருமாடிக்' ஜுரம் கண்டு, மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். நல்ல ஆரோக்கியத்தின் அருமை நோயில் கிடந்தவர்களுக்குத்தானே தெரியும்? எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, உடம்பைப் பேணுவதை அவர் ஒரு விரதம் போலவே வைத்துக்கொண்டார்.

பிறகு அலாஸ்காவுக்குப் போய், கோடியாக் தீவில் டீசல் யந்திரங்களைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியதும் ஓர் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 'யந்திரங்களோடு இத்தனை காலம் பழகியாயிற்று. யந்திரமே இல்லாத இடத்தில், என் கைகளை மட்டும் நம்பி ஒரு வருஷம் வாழ முடியுமா? காடும் குளிரும் கொடுக்கும் பரீட்சையில் நான் தேறுவேனா?'

ஊரை விட்டு விலகி, தண்ணீர்க் கரையில் சின்னதாக ஒரு மரவீடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை குளிர்தேசத்தாருக்குப் புதிதல்ல. பின்லாந்து தேசத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் கோடை வீடுகள் இருக்கின்றன. முழு மரங்களை அடுக்கி வீடு கட்டும் வித்தையை அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுபோனவர்களும், 1638-ல் டெலவேர் நதிக்கரையில் குடியேறிய ஸ்வீடன், பின்லாந்து தேசத்தார்தான் என்பார்கள். ஆனால் பெரும்பாலோர் விடுமுறைக்காகக் கட்டுவார்கள். ஆள் வைத்தும் கட்டுவார்கள். பிரென்னெக்கி தம்மையே சோதித்துக்கொள்வதற்காகக் கட்டினார்.

முதலில் பொறுமை

1967-ம் வருஷக் கோடையிலேயே அவர் ஏரிக்கரைக்குப் போய் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வேண்டிய ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பட்டையையும் உரித்து அடுக்கினார். அடுக்கிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் திரும்பிவிட்டார்!

காரணம் இருக்கிறது. பச்சை மரத்தில் ஈரம் அதிகம். அப்படியே சுவராக அடுக்கினால், காயக் காயச் சுருங்கி இடுக்கு விழும். சில கட்டைகள் முறுக்கிக்கொள்ளும். பட்டையை விட்டு வைத்தாலோ, அதன் அடியில் பூச்சி குடியேறும், ஈரம் தங்கி மரம் உளுத்துப் போகும். ஆகையால் பட்டை உரித்த மரம் காற்றாட ஒரு மாரிக்காலம் முழுவதும் கிடந்து காய வேண்டும். புது அரிசியைச் சமைக்காமல் பழசாகட்டும் என்று குதிரில் போட்டு வைத்த நம் பாட்டிமாருக்கு இந்தப் பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

1968 மே மாதத்தில், தமது 52-ம் வயதில், மறுபடியும் வந்து இறங்கினார். அவரைக் கொண்டுவந்து விட்டவர் பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானி. அந்தப் பிரதேசத்தில் வெகு காலமாகக் குடியிருந்தவர். கடிதமும் சாமானும் கொண்டுவந்து கொடுத்து, பிரென்னெக்கிக்கும் வெளியுலகத்துக்கும் பாலமாக இருந்தவர் அவர்தான்.

ஏரியின் மேல் இன்னும் பனிக்கட்டி முழுவதும் கரையாத சமயம். தங்குவதற்கு, கரையோரமாக ஒரு சிநேகிதருடைய பழைய மரக் குடில் இருந்தது. சொந்த வீடு எழும்பும் வரை அதில் இருந்துகொள்ளலாம்.

அவருடைய மூட்டையில் இருந்த ஆயுதங்களைப் பாருங்கள்: ரம்பம், கோடரி, உளி, வாய்ச்சி, துளை போடும் துரப்பணம், அரம், ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக் குண்டு, பட்டை சீவுவதற்கு இரு பக்கமும் பிடியுள்ள இழுப்புக் கத்தி. மின்சாரத்தில் ஓடுவது ஒன்றுகூட இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை. பல ஆயுதங்களை அவர் பிடி இல்லாமலே கொண்டு வந்திருந்தார். விமானத்தில் பாரம் குறைய வேண்டும் அல்லவா? காட்டில் மரத்துக்கா பஞ்சம்? ஆகவே வீடு கட்டுவதற்கு முன்னால் ஆயுதங்களுக்குப் பிடி செய்தார். தம் உள்ளங்கைக்கு எது சரியாக அமைகிறதோ அதே அளவில் செய்தார்.

சுவர் வளர்ந்தது

வீட்டின் உள்ளளவு 15 அடி நீளம், 11 அடி அகலம். மொத்தம் 165 சதுர அடி! நம் பட்டணத்து வீடுகளில் ஒரு நடுத்தர அறையின் அளவுதான். படுக்கை, சமையல், சாப்பாடு, எழுத்து, படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. இடத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் வீட்டைப் பெரிதாகக் கட்டினால் மரம் அதிகம் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் சூடாக்க விறகும் அதிகம் வேண்டும். ஓர் ஆளுக்கு எவ்வளவு தேவை என்று யோசித்தே அளவு குறித்தார்.

ஏரிக்கரையில் கிடைக்கும் சரளைக் கல்லைப் பரப்பி மட்டம் செய்தார். மழைத் தண்ணீரும் பனித் தண்ணீரும் அதன் வழியே வடிந்துவிடும்; மரம் ஈரத்தில் ஊறாது. அதன் மேல் அடிக் கட்டைகள். பிறகு சுவர்.

முழு மரச் சுவரின் சூட்சுமம் எல்லாம் மூலையில்தான் இருக்கிறது. நான்கு சுவர்க் கட்டைகளும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும். இதற்காக மேலே வரும் கட்டையின் அடிப்பக்கத்தில், குதிரைச் சேணம் போல வளைவான ஒரு பள்ளம் வெட்டுவார்கள். கீழ்க் கட்டையின் முதுகு எந்த அளவில் வளைந்திருக்கிறதோ அதே அளவில் பள்ளமும் வளைய வேண்டும். கவராயம் போன்ற ஒரு கருவியால் கீழ்க் கட்டையின் வளைவை மேல் கட்டையில் கோடாக இழுத்து, அந்தக் கோட்டின்படி ரம்பமும் உளியும் கொண்டு குடைந்து எடுக்க வேண்டும். பள்ளம் அடிப்பக்கத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. மேல்பக்கம் வெட்டினால் கிண்ணம் போல அதில் தண்ணீர் நிற்கும். அடிப்பக்கம் வெட்டினால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும்.

மரம் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் சிறுத்தும் இருக்குமே? அதனால் ஒரு வரிசையில் அடிப்பாகம் இந்தப் பக்கம் வந்தால், அடுத்த வரிசையில் நுனிப்பாகம் இந்தப் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் சுவர் ஒரு பக்கம் சாயாமல் மட்டமாக வளரும். தலைமயிரைப் பின்னும்போது மூன்று கால்களையும் சம கனமாக எடுத்துக்கொள்கிறோமே, அந்தக் கணக்குத்தான்.

ஒவ்வொரு கட்டையையும் தூக்கி வைத்து, அளந்து, இறக்கி, குடைந்து, மறுபடியும் தூக்கி வைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் திரும்பவும் இறக்க வேண்டும். 'பிடி, தம்பி!' என்று மறுமுனையைத் தாங்கச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. வெட்டின இடத்தில் கட்டை இடுக்கு இல்லாமல் பொருந்தி உட்காருவதைப் பார்ப்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

இதற்கெல்லாம் சாட்சி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அவரிடம் ஒரு சினிமாக் காமிரா இருந்தது. முக்காலியில் அதை நிறுத்தி, முடுக்கி விட்டு, ஓடிப் போய்க் கட்டையைச் செதுக்குவார். பிறகு வந்து காமிராவை நிறுத்துவார். நடிகரும் அவரே, காமிராக்காரரும் அவரே! அந்தப் படச் சுருள்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது, லட்சக்கணக்கான வீடுகளில் ஜனங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சுவருக்குப் பிறகு வாசல்

நம் வீடுகளில் முதலில் வாசற்கால் நாட்டிப் பூஜை போட்டு, பிறகு சுவர் எழுப்புவோம். மரவீட்டில் தலைகீழ். முதலில் நான்கு பக்கமும் முழுச் சுவராக அடுக்கிவிடுவார்கள். பிறகுதான் வாசலும் ஜன்னலும் வர வேண்டிய இடத்தில் ரம்பத்தால் அறுத்துத் திறப்பார்கள். அறுத்த முனைகள் நகராதபடி சட்டம் அடித்து இறுக்குவார்கள்.

ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு பெரிய ஜன்னல் வைத்தார் பிரென்னெக்கி. அந்த ஜன்னலோரம்தான் பிற்காலத்தில் அவருடைய மேஜை. காலையில் எழுந்தால் எதிரே ஏரி, ஏரிக்கு அப்பால் மலை. சினிமாக் கொட்டகை தேவையா?

கதவுதான் எல்லாவற்றிலும் அழகு. குறுக்கே இரண்டு பாதியாகப் பிரிந்த கதவு. கீழ்ப் பாதியைச் சாத்திவிட்டு மேல் பாதியை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம். காற்றும் வெளிச்சமும் வரும். கரடியார் விசாரிக்க வந்தால் உடனே உள்ளே விட்டுவிட வேண்டியதில்லை! கதவுக்கான பலகைகளைக் கடையில் வாங்கவில்லை. கட்டையை நீளவாக்கில் கையாலேயே அறுத்து, இழைத்து எடுத்தார். கீல்? அதுவும் மரம். தாழ்ப்பாள்? அதுவும் மரம். கெட்டியான மரத்துண்டுகளைச் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று சுழலும்படி அமைத்த கீல்கள் அவை. வருஷக்கணக்கில் திறந்து மூடியும் கதவு தொங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகட்டு உத்திரமும் அதற்கு இரு பக்கமும் குறுக்கு மரங்களும் ஏற்றி, அவற்றின் மேல் கழிகளை நெருக்கமாகப் பரப்பினார். கழிகளின் மேல் தார் காகிதமும் பாலித்தீன் தாளும். அதற்கு மேல்? காட்டிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்த்து எடுத்த பாசி! கீழே உள்ள தாள் தண்ணீரைத் தடுக்கும். மேலே உள்ள பாசி மெத்தை குளிரைத் தடுக்கும். அது உயிருள்ள கூரை. கோடையில் பச்சைப் பசேலென்று இருக்கும். சுவர்க் கட்டைகளின் இடுக்குகளிலும் பாசியைத்தான் திணித்து அடைத்தார்.

எல்லாம் காட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. தார் காகிதம், பாலித்தீன், ஆணி, சிமெண்டு இவையெல்லாம் விமானத்தில் வந்தவைதான். மனிதர் எவ்வளவு தனியாக இருந்தாலும், எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் நாலு பேர் அவருக்காக உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரென்னெக்கி இதை மறைக்கவும் இல்லை. கையால் செய்ய முடிந்ததைக் கையால் செய்தார், முடியாததை வாங்கிக்கொண்டார்.

காலி டின்னும் மரக் கரண்டியும்

இனி வீட்டுக்காரிகளுக்கு மிகவும் பிடித்தமான விஷயத்துக்கு வருவோம். சமையலறை சாமான்!

விமானத்துக்கும் விளக்குக்கும் எண்ணெய் வரும் சதுர டின்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் தெருவில் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டால் நாலு காசு கொடுப்பார். பிரென்னெக்கி ஒரு டின்னையும் எறியவில்லை. அவற்றை வெட்டி, விளிம்பு மடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியாகவும், ரொட்டி சுடும் தட்டாகவும், மாவும் சர்க்கரையும் போட்டு வைக்கும் டப்பாவாகவும் மாற்றிவிட்டார்.

கரண்டிகளை மரத்தில் செதுக்கினார். மரத்தில் கழலை போலப் புடைத்திருக்கும் இடத்தை வெட்டி எடுத்து, குடைந்து, கிண்ணமும் செய்தார். கரண்டிகளில் ஒன்றுக்குத் தனிப் பெருமை உண்டு. அதில் ஒரு கரண்டி மாவு எடுத்து ஊற்றினால் சரியாக ஓர் அடை! காலைப் பலகாரம் அவருக்குப் புளித்த மாவில் வார்க்கும் அடைதான். நம் தோசை மாவைப் போலவே, முதல் நாள் மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து மறுநாள் மாவைப் புளிக்க வைப்பார். குளிர்தேசத்தில் மாவு புளிப்பது சாமானியமான காரியமா? மார்கழி மாதத்தில் நாமே மாவுப் பாத்திரத்தை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறோம். அலாஸ்காவில் கேட்க வேண்டுமா!

மத்தியானத்துக்கோ இரவுக்கோ மொச்சை போன்ற பருப்பு வகைகளை நிதானமாக வேக வைப்பார். ஏரியில் மீன் கிடைக்கும். சிறு தோட்டம் போட்டு உருளைக்கிழங்கும் காரட்டும் வெங்காயமும் பயிர் செய்தார். குளிர்சாதனப் பெட்டிக்கு என்ன செய்தார் என்கிறீர்களா? தரையில் குழி தோண்டி, பெட்டியை இறக்கி, மேலே பாசியால் மூடிவிட்டார். அந்த ஊர் மண்ணே குளிர்சாதனப் பெட்டிதான். மின்சாரக் கட்டணமும் இல்லை. பழுதானால் மெக்கானிக்கைத் தேடி அலையவும் வேண்டாம்.

சாமான்களைக் கரடியும் அணிலும் சூறையாடாமல் இருக்க, உயரமான கால்களின் மேல் ஒரு குட்டி மரவீடு கட்டினார். ஏணி வைத்து ஏற வேண்டும். இறங்கியதும் ஏணியை எடுத்துவிட வேண்டும். தானியத்தை எலியிடமிருந்து காப்பாற்றுவதற்கு நம் கிராமத்தார் செய்த யோசனைகளுக்கும் இதற்கும் தூரத்து உறவு இருக்கிறது.

குளிருக்கு முன்னால் கணப்பு

கோடை அங்கே நீண்ட பகல்களைக் கொடுக்கும். ஜூன் மாதத்தில் ராத்திரி என்பதே பேருக்குத்தான். ஆனால் அந்தக் கோடை வெகு சீக்கிரம் முடிந்துவிடும். செப்டம்பரில் மலை உச்சியில் வெள்ளை படிய ஆரம்பிக்கும். அதற்குள் வீட்டுக்குள் நெருப்பு எரிய வேண்டும். சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும், நெருப்பில்லாத வீட்டில் அலாஸ்காவின் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. இந்தப் பரீட்சையின் கடுமையான கேள்வி இதுதான்.

அவர் கல்லால் கணப்பு கட்டத் தீர்மானித்தார். அதற்காக, அத்தனை பாடுபட்டு இடுக்கில்லாமல் அடுக்கிய பின்சுவரையே அறுத்துத் துவாரம் செய்ய வேண்டியிருந்தது! பிறகு கல் பொறுக்கும் வேலை. ஒவ்வொரு கல்லாகத் தேடி எடுத்து, சுமந்து, சிமெண்டுக் கலவை போட்டு அடுக்கினார்.

கணப்பு என்பது சும்மா ஒரு கல் பொந்து அல்ல. வாய் எவ்வளவு அகலம், தொண்டை எவ்வளவு குறுகல், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சூடான காற்று லேசானது, மேலே எழும்பும். அப்படி எழும்பும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கணக்குத் தப்பினால் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பும். பச்சை விறகையும் விறகு அடுப்பையும் கட்டிக்கொண்டு, ஊதாங்குழலோடு மல்லாடிக் கண்ணைக் கசக்கிய நம் தாய்மார்களுக்கு இதன் அவஸ்தை தெரியும். கல்லும் சிமெண்டும் இறுகிய பிறகு கணக்குத் தப்பியதைக் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்?

கலவை காய்ந்த பிறகு நெருப்பு மூட்டினார். புகை சுருண்டது, தயங்கியது, பிறகு நேராக மேலே போயிற்று. கணப்பு தேறிவிட்டது. வீடும் தேறிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியையும் தாண்டும் இரவுகள் வந்தன. பாரன்ஹீட், சென்டிகிரேட் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் குளிர் அது! ஏரி உறைந்து கல்லாயிற்று. குடிதண்ணீருக்குப் பனிக்கட்டியை வெட்டித் துவாரம் செய்ய வேண்டும். ராத்திரியில் அது மறுபடி உறைந்துவிடும். காலையில் மறுபடி வெட்ட வேண்டும். அவர் அதையும் ஒரு பாடமாக்கிக்கொண்டு, பனிக்கட்டி எத்தனை கனம் என்று அளந்து டைரியில் குறித்து வைத்தார்.

கட்டி முடித்த பிறகு

ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர், 1969-ல் ஊருக்குப் போய்விட்டு மறுபடியும் வந்தார். அவ்வப்போது பந்துக்களைப் பார்த்துவிட்டு வருவதைத் தவிர, சுமார் முப்பது வருஷம் அந்த ஒற்றை அறையே அவருடைய வீடாக இருந்தது. 80 வயதைத் தாண்டி, குளிரை உடம்பு தாங்காது என்று ஆன பிறகுதான் 1990-களின் கடைசியில் கலிபோர்னியாவில் சகோதரருடைய வீட்டுக்குப் போனார். 2003-ல் தமது 86-வது வயதில் காலமானார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மாதக் கணக்காகக் கிடந்த வாலிபர், அத்தனை குளிர்காலங்களைத் தாண்டி அந்த வயது வரை வாழ்ந்தார்!

முப்பது வருஷம் அங்கே என்னதான் செய்தார்? இந்தக் கேள்வியைப் புருஷர்கள்தான் கேட்பார்கள். வீட்டை நடத்துகிற பெண்மணிகள் கேட்க மாட்டார்கள். விறகு வெட்டினார், தண்ணீர் கொண்டுவந்தார், மாவு கரைத்தார், பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், கிழிந்ததைத் தைத்தார், பெருக்கினார், கூரையில் பாசி பெயர்ந்த இடத்தைச் சரி செய்தார். மறுநாளும் அதையே செய்தார். வீட்டைக் கட்டியது ஒரு கோடை. அதைப் பேணியது முப்பது வருஷம். இந்த இரண்டாவது பங்கைப் பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. 'வீட்டில் சும்மாத்தானே இருக்கிறாய்?' என்று கேட்கிற எவரையும் அந்த ஏரிக்கரையில் ஒரு வாரம் குடிவைத்தால், அப்புறம் கேட்க மாட்டார்கள்.

அவர் உலகத்தை வெறுத்து ஓடிய சந்நியாசியும் அல்ல. நிறையக் கடிதங்கள் வரும். எல்லோருக்கும் பதில் எழுதுவார். விருந்தினர் வந்தால் உபசரிப்பார். காட்டில் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்குவார். வானிலை, மிருகங்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் தினமும் எழுதி வைத்தார். அவருடைய டைரிகளை வைத்து சிநேகிதர் ஸாம் கீத் தொகுத்த புத்தகம் 1973-ல் வெளிவந்து, இன்றும் விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. 1980-ல் அந்தப் பிரதேசம் முழுவதும் 'லேக் கிளார்க்' தேசியப் பூங்காவாயிற்று. பிரென்னெக்கி வீட்டைப் பூங்கா இலாகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். 2007-ல் அது சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரண்மனையும் கோட்டையும் சேரும் அந்த மாதிரிப் பட்டியலில், 165 சதுர அடி வீட்டுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இன்றும் கோடையில், தண்ணீரில் இறங்கும் விமானத்தில் யாத்திரிகர்கள் அங்கே வருகிறார்கள். மரக் கீலில் சுழலும் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். டின் டப்பாக்களையும் மரக் கரண்டிகளையும் பார்க்கிறார்கள். சின்ன அறையில் எதுவும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் இருக்கிறது.

நாம் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்விட முடியாது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மாமியாருக்கு டாக்டர் வேண்டும், நமக்கும் அண்டை அயலாரோடு நாலு வார்த்தை பேசாமல் பொழுது போகாது. ஆனால் அடுத்த தடவை கடைவீதியில் ஒரு புதுச் சாமானைக் கையில் எடுக்கும்போது, அந்த 165 சதுர அடி அறையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். அதில் இந்தச் சாமானுக்கு ஓர் இடம் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். இல்லை என்று தோன்றினால், வீட்டில் இருக்கிற பழைய டின்னை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்!